தகர டின் அடுப்பும் ஒரு முழுத் தூக்கமும்

மட்டுவார்குழலிக்கு நகை வேண்டாம். பட்டுப்புடவை வேண்டாம். ஒரு தூக்கம் வேண்டும். காலையில் படுத்தால் சாயங்காலம் வரைக்கும், நடுவில் யாரும் எழுப்பாத, கனவுகூடக் குறுக்கே வராத ஒரு முழுத் தூக்கம். அவ்வளவுதான் அவள் ஆசை.

பாப்பா பிறந்து ஒன்றரை வருஷம் ஆகிறது. இந்த ஒன்றரை வருஷமாக அவள் தூங்கியதெல்லாம் துண்டுத் தூக்கம். கால் மணி, அரை மணி, குக்கரின் இரண்டு விசிலுக்கு நடுவில் கண் அசந்த தூக்கம். போன வாரம் ரேஷன் கடை வரிசையில் நின்றபடியே தூங்கிவிட்டாள். பின்னால் நின்ற நாலு பேர் சத்தமில்லாமல் அவளைத் தாண்டி முன்னால் போய்விட்டார்கள். ஐந்தாவது ஆள் நல்ல மனுஷன், எழுப்பிவிட்டார்.

அவள் வீட்டுக்காரர் பெயர் மாத்ருபூதம். மலைக்கோட்டை சாமி பெயர். அவளுடையது அங்கே இருக்கிற அம்மன் பெயர். "பேரே இப்படிப் பொருந்தி வந்திருக்கு, இன்னும் ஜாதகம் எதுக்கு?" என்று பெரியவர்கள் உட்கார்ந்த இடத்திலேயே கல்யாணத்தைப் பேசி முடித்துவிட்டார்கள். ஆனால் ஒரு விஷயத்தை யாரும் யோசிக்கவில்லை. மலைக்கோட்டையில் சாமிக்கும் அம்மனுக்கும் தனித்தனி சன்னதி. திருவானைக்காவல் மாடிவீட்டில் ஒரே ரூம். நடுவில் பாப்பா.

மாத்ருபூதத்துக்குப் பொன்மலை ரயில்வே ஒர்க் ஷாப்பில் ஃபிட்டர் வேலை. எதைக் கொடுத்தாலும் கழற்றிவிடுவார். திருப்பி மாட்டுவதில்தான் கொஞ்சம் சிரமம். வீட்டுப் பரணில் ஒரு மிக்ஸி, ஒரு இஸ்திரிப் பெட்டி, ஒரு சுவர்க் கடிகாரம் மூன்றும் ஒரே அட்டைப்பெட்டிக்குள் கலந்து கிடக்கின்றன. எது எதனுடைய திருகு என்று அந்த மலைக்கோட்டை சாமிக்குத்தான் வெளிச்சம்.

ஞாயிற்றுக்கிழமை வந்தால் குழலி கேட்பாள்.

"என்னங்க, பாப்பாவை ஒரு நாலு மணி நேரம் எங்கயாவது தூக்கிட்டுப் போயிட்டு வாங்களேன். நான் கொஞ்சம் படுக்கிறேன்."

"தூக்கிட்டுப் போறதுக்கு என்ன, எனக்குக் கை வலிக்குதா? பாலுக்கு அழுதா நான் அடுப்புக்கு எங்க போவேன்? அடுப்பைக் கழுத்துல கட்டிக்கிட்டா போக முடியும்?"

அதோடு பேச்சு முடிந்துவிடும். ஏனென்றால் அது நிஜம். பாப்பா அப்போது காய்ச்சி, அப்போது ஆற்றிய பாலைத்தான் குடிக்கும். ஃபிளாஸ்க் பாலை மோந்து பார்த்தே முகத்தைத் திருப்பிக்கொள்ளும். டீக்கடைப் பால் அதன் வயிற்றுக்கு ஒத்துக்கொள்ளாது. ஆகையால் அடுப்பு இருக்கிற இடத்தில் பாப்பா, பாப்பா இருக்கிற இடத்தில் குழலி. ஒன்றரை வருஷமாக அந்த ஒரே கேள்வியைப் பிடித்துக்கொண்டு மாத்ருபூதம் ஞாயிற்றுக்கிழமைகளைத் தாண்டி வந்தார்.

அப்படிப்பட்ட மனுஷன் ஒரு செவ்வாய்க்கிழமை வேலை விட்டு வந்தவர், செருப்பைக்கூடக் கழற்றாமல் வாசலில் நின்று சொன்னார்.

"குழலி, நான் ஒரு அடுப்பு செய்யப்போறேன்."

குழலி பாப்பாவுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தாள். பாதி சோறு பாப்பா வாயில், மீதி குழலி தலையில்.

"நமக்குத்தான் அடுப்பு இருக்கே?"

"இது அது இல்ல. கையில எடுத்துட்டுப் போற அடுப்பு. கூல்டிரிங்க்ஸ் டின் ரெண்டு, ஒரு ஊசி, கொஞ்சம் ஸ்பிரிட்டு. அவ்வளவுதான். சட்டைப் பையில போட்டுக்கலாம்."

"சட்டைப் பையில அடுப்பா?"

"எரியும்போது இல்ல!"

போனில் வீடியோவைக் காட்டினார். ஒரு வெள்ளைக்காரர் பனிமலை மேல் உட்கார்ந்து, தகர டின்னில் நெருப்பு மூட்டி, தண்ணீர் கொதிக்க வைத்துக்கொண்டிருந்தார். சுற்றிலும் ஆள் இல்லை, சத்தம் இல்லை. இங்கே எவ்வளவு நன்றாகத் தூங்கலாம் என்று குழலிக்குத் தோன்றியது.

"இப்ப எதுக்குங்க இது?"

"வர்ற ஞாயித்துக்கிழமை முக்கொம்பு போறோம். நான், ஆரோக்கியராஜ், ஜெகபர் சாதிக். எல்லாம் ஒர்க் ஷாப் ஆளுங்கதான். காவேரி ரெண்டாப் பிரியற ஆத்தங்கரையில உக்காந்து நாங்களே காபி போட்டுக் குடிக்கப்போறோம். நாங்களே நூடுல்ஸ் கிண்டப்போறோம். நீ விடியறதுக்கு முன்னாடி எந்திரிச்சு எங்களுக்குப் புளியோதரை கட்ட வேணாம் பாரு. உனக்கு எவ்வளவு மிச்சம்!"

"பாப்பா?"

"பாப்பா உன்கூடத்தான். அது எங்க போகும்?"

சண்டை போடுவதற்கும் தெம்பு வேண்டும். இருந்த கொஞ்சம் தெம்பையும் அவள் இட்லி மாவு ஆட்டுவதற்கென்று எடுத்து வைத்திருந்தாள்.

புதன்கிழமை பத்து டின் வந்து இறங்கியது. ஒர்க் ஷாப்பில் யாரோ ஒருவருக்குப் பிரிவு உபசார விழாவாம். எல்லோரும் குடித்துப் போட்டதைப் பொறுக்கிக்கொண்டு வந்திருந்தார். சாயங்காலம் முழுக்க அதே வேலை. மடியில் பாப்பா, கையில் டின் என்று குழலி எதிரே உட்கார்ந்திருந்தாள்.

"நல்லாப் பிடி. ஆட்டாதே."

"நான் ஆட்டலங்க. பாப்பா ஆட்டுது."

"அதையும் பிடி."

இரண்டு டின்னின் அடிப்பக்கத்தையும் இரண்டு விரல் உயரத்துக்கு வெட்டிக்கொள்ள வேண்டும். ஒன்றுக்குள் ஒன்றைச் செருக வேண்டும். நடுவில் ஸ்பிரிட் ஊற்ற ஒரு ஓட்டை. விளிம்பைச் சுற்றி ஊசியால் சின்னச் சின்ன ஓட்டைகள். ஸ்பிரிட் சூடானதும் அந்த ஓட்டைகள் வழியாகப் பூ மாதிரி தீ வரும். கேட்பதற்குச் சுலபமாகத்தான் இருந்தது. முதல் அடுப்பு கோணல். இரண்டாவதில் அவர் விரல் வெட்டுப்பட்டது. மூன்றாவது நன்றாக வந்தது, அதன்மேல் பாப்பா உட்கார்ந்துவிட்டது. நாலாவதுதான் தேறியது. எட்டு டின் தீர்ந்து இரண்டு மிச்சம்.

குழலி கண் சொக்கச் சொக்கப் பார்த்துக்கொண்டே இருந்தாள். தூங்கி வழிகிறவளுக்கு என்ன புரியப்போகிறது என்று மாத்ருபூதம் நினைத்திருப்பார்.

வியாழக்கிழமை சாயங்காலம் மொட்டை மாடியில் சோதனை. மரத்துக்குப் பாலிஷ் போடக் கலக்குகிற ஸ்பிரிட்டை வாங்கி வந்திருந்தார். கடைக்காரர் அதை ஊற்றிக் கொடுத்தது ஒரு பழைய குவார்ட்டர் பாட்டிலில்.

"தள்ளி நில்லு. பாப்பாவைப் படிக்கட்டுப் பக்கம் கொண்டுபோ."

அது ஒன்றுதான் அன்றைக்கு அவர் செய்த புத்திசாலித்தனம்.

ஸ்பிரிட்டை ஊற்றித் தீக்குச்சியைக் கிழித்து வைத்தார். ஒன்றும் தெரியவில்லை. இன்னொரு குச்சி. அதற்கும் ஒன்றும் தெரியவில்லை. மேற்கே வெயில் பளீரென்று அடித்துக்கொண்டிருந்தது. அந்த வெயிலில் ஸ்பிரிட் தீ கண்ணுக்குத் தெரியாது என்று வெள்ளைக்காரர் வீடியோவில் சொல்லியிருக்கலாம். அவர் இங்கிலீஷில் சொன்னதால் இவருக்குச் சரியாகப் பிடிபடவில்லை.

"பத்தவே இல்ல போலிருக்கே" என்று குனிந்து உற்றுப் பார்த்தார்.

சர்ரென்று ஒரு சத்தம். முடி கருகுகிற வாடை. நிமிர்ந்தபோது இடது பக்க மீசை இல்லை. புருவத்திலும் பாதி போயிருந்தது. நல்லவேளை, தோலுக்கு ஒன்றும் ஆகவில்லை.

"பத்திடுச்சுங்க" என்றாள் குழலி.

அந்த நேரம் பார்த்து, காயவைத்த மிளகாயை அள்ள வீட்டுக்காரம்மா சந்திரம்மாள் மேலே ஏறி வந்தார். கீழ்வீட்டில் இருக்கிறார். வாடகைக்கு விடும்போது அவர் போட்டது ஒரே ஒரு நிபந்தனைதான்: குடிக்கிற ஆளுக்கு வீடு கிடையாது. ஏறி வந்தவர் முதலில் மோந்து பார்த்தார். அப்புறம் வெட்டிப்போட்ட டின்களைப் பார்த்தார். குவார்ட்டர் பாட்டிலைப் பார்த்தார். கண் சிவந்து, பாதி மீசையோடு நிற்கிற மாத்ருபூதத்தைப் பார்த்தார்.

"என்ன தம்பி இது?"

"ஐயோ, நீங்க நினைக்கிற மாதிரி இல்லம்மா. இது ஸ்பிரிட்டு."

"ஸ்பிரிட்டேவா! நேரா அதுலயே இறங்கிட்டியா?"

"குடிக்கிறதுக்கு இல்லம்மா, எரிக்கிறதுக்கு!"

"உள்ள போனா எரியத்தானே செய்யும்?"

"இல்லம்மா, ஞாயித்துக்கிழமை ஃப்ரெண்ட்ஸுங்க ரெண்டு பேரோட முக்கொம்புக்கு..." என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டார்.

"ஓஹோ. ஆத்தங்கரை. மூணு ஆம்பிளைங்க. ஒரு பாட்டில். அப்புறம்?"

"காபி போடத்தாம்மா..."

"எனக்கு அறுபத்திரண்டு வயசாகுது தம்பி. ஆத்தங்கரைக்குப் போய்க் காபி குடிச்சுட்டு வந்த ஆம்பிளையை நான் இதுவரைக்கும் பார்த்ததில்ல. பச்சைக் குழந்தை இருக்கிற வீடு. அடுத்த மாசம் வேற வீடு பார்த்துக்க."

மாத்ருபூதத்துக்கு வாயில் ஏதாவது ஒன்று வந்தாக வேண்டும். வந்துவிட்டது.

"பாப்பாவுக்கும்மா! பாப்பாவுக்குப் பால் காய்ச்ச! வெளியில தூக்கிட்டுப் போனா சூடா பால் கொடுக்கத்தான் இந்த அடுப்பே!"

சந்திரம்மாள் குழலி பக்கம் திரும்பினார். "நிஜமாவா குழலி?"

மாத்ருபூதம் மிச்சமிருந்த புருவத்தால் ஜாடை காட்டினார். குழலிக்குப் பொய் சொல்ல வராது. கொஞ்சம் யோசித்தாள். யோசித்தபோது, தூரத்தில் எங்கேயோ ஒரு பாய் விரித்த மாதிரி இருந்தது.

"ஆமாம்மா. பாப்பாவைத் தூக்கிட்டுப் போகலாம், ஆனா பாலுக்கு அடுப்பு இல்லையேன்னு ஒன்றரை வருஷமா சொல்லிக்கிட்டே இருந்தாரு."

அதில் ஒரு வார்த்தைகூடப் பொய்யில்லை.

"அப்படின்னா அதோ, மலைக்கோட்டையைப் பார்த்துச் சொல்லு தம்பி. உன் பேரே அவர் பேருதானே."

காவேரிக்கு அந்தப் பக்கம் மலைக்கோட்டை வெயிலில் நின்றுகொண்டிருந்தது. மாத்ருபூதம் தெற்கே திரும்பிக் கையெடுத்துக் கும்பிட்டார். "சத்தியமா பாப்பாவுக்குப் பால் காய்ச்சத்தான்."

சந்திரம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "ஆத்துல வெள்ளம் வந்து பெத்த தாய் வர முடியாமப் போனப்ப, ஒரு புள்ளைத்தாய்ச்சிக்குத் தானே தாயா வந்து நின்ன சாமி அது. பேரைக் காப்பாத்திட்டே தம்பி. மீசை போனாப் போகுது, முளைச்சுக்கும். ஞாயித்துக்கிழமை காலையில நானே வந்து வழியனுப்பறேன்."

அவர் மிளகாயை அள்ளிக்கொண்டு இறங்கியதும் மாத்ருபூதம் பெருமூச்சு விட்டார்.

"எப்படிச் சமாளிச்சேன் பார்த்தியா?"

"பார்த்தேங்க." குழலி பாப்பாவைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள். "பால் பொங்க அஞ்சு நிமிஷம் ஆகுமா?"

"அஞ்சா? நாலு!"

"ஆத்தங்கரைன்னா காத்தடிக்குமே."

"சுத்தி மறைக்கத் தகரம் வெட்டி வளைச்சு வச்சிருக்கேன். புயலே வரட்டுமே, அசையாது."

"பரவாயில்லைங்களே" என்றாள் குழலி. கல்யாணமானதிலிருந்து அவர் செய்த பொருளை அவள் பாராட்டியது அதுதான் முதல் தடவை. அவர் அதிலேயே குளிர்ந்துபோய், வேறெதையும் யோசிக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலையில் மிச்ச மீசையையும் மழித்துவிட்டு வேலைக்குப் போனார். பாப்பா அவரை மூன்று தடவை உற்றுப் பார்த்தது. பிறகு, யாரோ நல்ல மாமா வந்திருக்கிறார் என்று நினைத்ததோ என்னவோ, தானாகவே கை நீட்டியது.

அன்றைக்கு மத்தியானம் பாப்பா ஒரு மணி நேரம் தூங்கியது. குழலி தூங்கவில்லை. ஆரோக்கியராஜுக்கு ஒரு போன் பேசினாள். அப்புறம் அடுக்களையில் உட்கார்ந்து கத்தரிக்கோலும் கையுமாகக் கொஞ்ச நேரம் என்னவோ செய்தாள். கையில் கிடைத்த தூக்கத்தை விட்டுவிட்டு அவள் ஒரு வேலை செய்கிறாள் என்றால் அது சாமானிய வேலையாக இருக்காது.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழரைக்கு வாசலில் ஜெகபர் சாதிக்கின் ஆம்னி வேன் வந்து ஹாரன் அடித்தது. மாத்ருபூதம் அடுப்பைப் பேப்பரில் சுற்றிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு பூனை மாதிரி படி இறங்கினார். கடைசிப் படியில் சந்திரம்மாள் நின்றுகொண்டிருந்தார். அவர் இடுப்பில் பாப்பா. தலையில் தொப்பி, கன்னத்தில் திருஷ்டிப் பொட்டு, காலில் புதுச் செருப்பு. பக்கத்தில் ஒரு பையோடு குழலி.

"இது என்ன?" என்றார் மாத்ருபூதம்.

"பாப்பாங்க."

"அது தெரியுது. ஏன் தொப்பி போட்டிருக்கு?"

"முக்கொம்புல வெயில் அடிக்கும்ல."

"குழலி, விளையாடாதே. பாலுக்கு அழுதா நான் அடுப்புக்கு எங்க..."

ஒன்றரை வருஷப் பழக்கத்தில் அந்த வாக்கியம் தானாகவே பாதி தூரம் வந்துவிட்டது. மீதி தொண்டையில் நின்றது. சட்டைப் பையில் இருந்த அடுப்பின் விளிம்பு நெஞ்சில் சுருக்கென்று குத்தியது.

"என்ன தம்பி யோசனை?" என்றார் சந்திரம்மாள். மலைக்கோட்டை இருக்கிற திசையைப் பார்க்கக்கூட இல்லை. லேசாகத் தலையை மட்டும் அந்தப் பக்கம் அசைத்தார்.

குழலி பையைக் கொடுத்தாள். "பால் ஐஸ் போட்ட டப்பாவுல இருக்கு. பத்து மணிக்கு ஒரு தடவை, ஒரு மணிக்கு ஒரு தடவை, மூணரைக்கு ஒரு தடவை. மாத்துத்துணி ஆறு இருக்கு. அடுப்பு பத்தவைக்கிறப்ப பாப்பா பத்தடி தள்ளி ஆரோக்கியராஜ் அண்ணன் மடியில இருக்கணும். அவர்கிட்ட சொல்லிட்டேன்."

"எப்ப சொன்னே?"

வேனுக்குள்ளிருந்து ஆரோக்கியராஜின் குரல் வந்தது. "டேய் பூதம், பாப்பாவை இப்படிக் கொடுத்துட்டு ஏறுடா. என்கிட்ட ஏற்கனவே மூணு இருக்கு. இது நாலாவதுன்னு வச்சுக்கிறேன்!"

வேன் போய்விட்டது.

குழலி மாடிக்கு வந்தாள். கதவைச் சாத்தினாள். ஃபேனை வேகமாக வைத்தாள். போனைத் தலைமாட்டில் வைத்துக்கொண்டு படுத்தாள். தூக்கம் வரவில்லை. பாப்பா அழுகிற மாதிரியே காதில் கேட்டது. எழுந்து போய்த் தூளியைப் பார்த்தாள். காலி. திரும்ப வந்து படுத்தாள். தூளி காலியாக ஆடுவதைப் பார்த்ததில் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. அந்தத் தண்ணீரைத் துடைக்கக் கையைத் தூக்கினாள். பாதி தூரம் தூக்கியது ஞாபகம் இருக்கிறது.

கீரைக்காரம்மா கத்திப் பார்த்தார். எதிர்வீட்டில் பாட்டு அலறியது. மோட்டார் ஓடித் தொட்டி நிரம்பி வழிந்தது. எதுவும் அவள் காதுக்குப் போய்ச் சேரவில்லை. விழித்தபோது தலையணை ஈரம். என்ன கிழமை என்று தெரியவில்லை. இது யார் வீடு என்றுகூடக் கொஞ்ச நேரம் தெரியவில்லை. மணி ஐந்து.

ஐந்தே காலுக்கு மாத்ருபூதம் வந்தார். சட்டை முழுக்கப் பால். முடி முழுக்க ஆற்று மணல். காலில் ஒரு செருப்பு. தோளில் பாப்பா அடித்துப்போட்ட மாதிரி தூங்கிக்கொண்டிருந்தது. குழலி வாங்கித் தூளியில் போட்டாள். அவர் சுவரில் சாய்ந்து அப்படியே கீழே சரிந்தார்.

"காபி நல்லா இருந்துச்சாங்க?"

"காபியா? ஸ்பிரிட்டு பூரா பாலுக்கே தீர்ந்துபோச்சு. பத்து மணிக்குக் காய்ச்சினேன், குடிச்சுட்டு என் மேலயே கக்கிடுச்சு. மறுபடி காய்ச்சினேன். ஆத்துனதைத் தட்டிவிட்டுடுச்சு. மறுபடி. நூடுல்ஸ் பாக்கெட்டைப் பிரிக்கவே இல்ல. ஒரு செருப்பை ஆத்துல போட்டுடுச்சு. நான் உக்காந்து ஒரு நிமிஷம்... ஒரே ஒரு நிமிஷம் கண்ணை மூடினேன் குழலி. வாயில மணலை அள்ளிப் போடுது!"

குழலிக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. கண்ணாடியில் தினமும் பார்க்கிற முகம் மாதிரியே இருந்தது அவர் முகம்.

கொஞ்சம் தண்ணீர் குடித்ததும் மாத்ருபூதம் நிமிர்ந்து உட்கார்ந்தார். குரலைத் தாழ்த்தினார்.

"இன்னொரு வருத்தமான சமாச்சாரம். அடுப்பு போச்சு."

"எங்கங்க?"

"ஆத்துல. கிளம்புறப்ப கழுவப் போனேனா, கை நழுவிடுச்சு. தண்ணி இழுத்துட்டுப் போயிடுச்சு."

"காவேரியிலயா, கொள்ளிடத்துலயா?"

"அது எந்தப் பக்கம் பிரிஞ்சு போச்சோ, யாருக்குத் தெரியும்?"

"எந்தப் பக்கம் பிரிஞ்சாலும் நம்ம ஊரைச் சுத்திக்கிட்டுத்தானே போகும்?"

"சும்மா இரு. அடுத்த ஞாயித்துக்கிழமையும் பாப்பாவைத் தூக்கிட்டுப் போகணும்னு எனக்கு எவ்வளவு ஆசை தெரியுமா? சந்திரம்மா கேட்டா நீயே சொல்லிடு. சத்தியம் சத்தியம்தான். ஆனா அடுப்பு இல்லாம மனுஷன் என்ன பண்ணுவான்?" என்று நீளமாக ஒரு பெருமூச்சு விட்டார். வாய் பெருமூச்சு விட்டதே தவிர, கண்ணில் ஞாயிற்றுக்கிழமை வெளிச்சம் தெரிந்தது. மீசை இல்லாததால் உதட்டோரச் சிரிப்பையும் மறைக்க முடியவில்லை.

குழலி அடுக்களைக்குள் போனாள். இட்லித் தட்டுக்குப் பின்னால் கையை விட்டு எடுத்தாள். மிச்சமிருந்த இரண்டு டின்னில் செய்தது. கோணல் இல்லை, நசுங்கல் இல்லை. விளிம்பைச் சுற்றி ஓட்டைகள் கோலப்புள்ளி மாதிரி இடைவெளி பிசகாமல் இருந்தன. மேலே தூக்கிப் பிடிக்கக் கம்பியில் ஒரு வளையம்கூட வைத்திருந்தாள்.

மாத்ருபூதம் அதைப் பார்த்தார். அவளைப் பார்த்தார். திரும்ப அதைப் பார்த்தார்.

"இது... இது யார் செஞ்சது?"

குழலி தூளி கட்டி மிச்சமிருந்த கயிற்றை எடுத்து அந்த வளையத்துக்குள் கோத்து, நீளம் சரியாக இருக்கிறதா என்று அவர் தலைக்கு மேலாகப் போட்டு அளந்து பார்த்தாள்.

"கையில இருந்தா நழுவிடுதுங்க. இந்தத் தடவை கழுத்துலயே கட்டி விட்டுடுறேன்."